ரிசல்ட் வாரத்தில் மன அழுத்தப் பயிலரங்கு: இந்தத் தடவை பொறுப்பு என் தலையில்

கோப்புக்காரி

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் வாசித்துவிட்டு ஓசைப்படாமல் போய்விடுவேன். இன்று கேட்க வந்திருக்கிறேன்.

வேலை ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில். 14 வருடமாயிற்று. பணியாளர்களுக்கு வருடம் ஒருமுறை நலவாழ்வு, ஆளுமை வளர்ச்சி என்று ஒரு வாரம் பயிலரங்கு நடத்துவார்கள். போன தடவை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஃபீட்பேக் படிவத்தின் பின்பக்கம் வரைக்கும் எழுதிக் கொடுத்தேன். பலன், இந்த வருடக் குழுவில் என் பெயர்.

பின்பக்கத்தில் எழுதியது இதுதான். மன அழுத்த வகுப்பை செமஸ்டர் ரிசல்ட் வெளியாகும் வாரத்தில் வைத்தார்கள். செக்‌ஷனுக்கு இரண்டு பேர் கட்டாயம் வர வேண்டும் என்று சுற்றறிக்கை. போனோம். கண்ணை மூடச் சொன்னார் பயிற்சியாளர். நாலு எண்ணும் வரை மூச்சை இழுங்கள், நாலு எண்ணும் வரை நிறுத்துங்கள். மடியில் ஃபோன் அதிர்ந்துகொண்டே இருந்தது. மூன்றாவது மூச்சில் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன்: "அக்கா, நிறுத்திவைத்த ரிசல்ட் ஃபைல் எங்கே?" நாலாவது மூச்சில்: "அக்கா அவசரம்." திரும்பி வந்தால் கவுண்டர் வரிசை கதவைத் தாண்டி வராந்தாவில் நிற்கிறது. அன்று கிளம்பும்போது இரவு ஒன்பதரை. அழுத்தத்தைக் குறைக்கப் போன இரண்டு மணி நேரம், இரண்டு மணி நேர வேலையாக அப்படியே மேசையில் காத்துக் கிடந்தது.

இப்போது என் கையில் ஐந்து நாள், நாளுக்கு இரண்டு அமர்வு. என்ன தலைப்பு வைக்கலாம், யாரைக் கூப்பிடலாம்? உங்கள் இடத்தில் உருப்படியாக நடந்தது எது? ஒன்றுமே வேண்டாம் என்கிறவர்களும் சொல்லலாம். காரணத்தோடு சொல்லுங்கள்.

மூன்றாம்மாடி

ஒன்றுமே வேண்டாம். காரணம் கேட்டதால் சொல்கிறேன்.

எங்களுக்குப் போன மாதம் நேர மேலாண்மை. தொடங்கவே 40 நிமிடம் தாமதம், துவக்க உரை ஆற்ற வேண்டியவர் வேறு கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். பிறகு மேசைமேல் ஒரு கண்ணாடி ஜாடி வந்தது. முதலில் பெரிய கல், அப்புறம் சின்னக் கல், அப்புறம் மணல். முக்கியமானதை முதலில் போட்டால் எல்லாம் கொள்ளுமாம். என் பணிக்காலத்தில் இந்த ஜாடியை நாலாவது தடவையாகப் பார்க்கிறேன். என் ஜாடியில் மணலைக் கொட்டுகிறவர் யார் என்று கேட்க நினைத்தேன். அவர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார்.

பத்துப் பேர் வேலையை ஆறு பேர் பார்க்கிற துறையில் போய் மனத்திடம் பற்றி வகுப்பு எடுப்பது, கூரை ஒழுகுகிற வீட்டில் இருப்பவனுக்கு நனைவதை ரசிக்கக் கற்றுக்கொடுக்கிற மாதிரி. கூரையைப் பாருங்கள் முதலில்.

சுற்றறிக்கை

பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், அந்தச் சுற்றறிக்கைகளை டைப் செய்கிற ஆள் நான். வேறொரு பல்கலைக்கழகத்தில் பணியாளர் பயிற்சிப் பிரிவு.

கோப்புக்காரி, ரிசல்ட் வாரத்தில் வைத்தது யாரும் உங்களைப் பழிவாங்கச் செய்ததாக இருக்காது. அரங்கம் எப்போது காலி, ஒதுக்கிய நிதி எந்தத் தேதிக்குள் செலவாக வேண்டும், இந்த இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் எங்களுக்குத் தேதி விழும். எந்தப் பிரிவுக்கு எந்த வாரம் நெருக்கடி என்று கேட்கிற வழக்கமே இல்லை. கேட்டால் ஆளுக்கொரு வாரம் சொல்வார்கள், கடைசியில் வாரமே மிஞ்சாது என்று பயம்.

ஆனால் மூன்றாம்மாடி சார் சொல்கிற மாதிரி எல்லாம் வீண் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் வகுப்புகளின் ஃபீட்பேக் சராசரி ஐந்துக்கு நாலரைக்குக் கீழே போனதில்லை. ஓய்வுக்கால நிதித் திட்டமிடல் என்று போட்டால் நாற்காலி போதாது. எக்ஸெல் என்று போட்டாலும் அப்படித்தான். ஆட்கள் வருகிறார்கள், நன்றி சொல்கிறார்கள். அதற்கு ஒரு மதிப்பும் இல்லையா?

திட்டவிலக்கம்

புள்ளியியல் எடுப்பவன். இரண்டு விஷயம் சொல்லிவிட்டு ஓடிவிடுகிறேன், விடைத்தாள் கட்டு காத்திருக்கிறது.

முதலாவது அந்த நாலரை. பயிற்சியை எடைபோட நாலு படி இருக்கிறது என்று டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இலேயே எழுதிவிட்டார். வந்தவருக்குப் பிடித்ததா, ஏதாவது கற்றாரா, மேசைக்குத் திரும்பிப்போய் அதைச் செய்கிறாரா, அதனால் ஏதாவது மாறியதா. வாசலில் நீட்டுகிற படிவம் முதல் படியோடு நின்றுவிடும். அதுவும் வெளியே போகிற அவசரத்தில், பயிற்சியாளர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருக்கும்போது நிரப்புவது. நானே எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன்.

இரண்டாவது, இந்தக் கேள்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகத்தின் ஊழியர்களை வைத்துச் சோதனை நடந்திருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம், அர்பானா-ஷாம்பெய்ன் வளாகம், 2016. தகுதியுள்ள ஊழியர்கள் 12,459 பேர். ஆய்வுக்குச் சம்மதித்தவர்கள் 4,834. அவர்களைக் குலுக்கிப் போட்டு, 3,300 பேருக்கு நலவாழ்வுத் திட்டம், மீதி 1,534 பேருக்கு எதுவும் இல்லை என்று பிரித்தார்கள். உடல் பரிசோதனை, ஆன்லைனில் கேள்வித்தாள், அப்புறம் மன அழுத்தம், எடை, உடற்பயிற்சி என்று வகுப்புகள். முடித்தால் பணமும் உண்டு. அப்படியும் வகுப்புகள் வரைக்கும் போனவர்கள் ஏறத்தாழ கால்வாசிப் பேர்தான்.

ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மருத்துவச் செலவு, விடுப்பு நாட்கள், ஜிம்முக்குப் போவது, இவற்றில் இரண்டு குழுவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. மாறியவை இரண்டே. வாழ்நாளில் ஒருமுறையாவது பரிசோதனை செய்துகொண்டவர்கள் கூடியிருந்தார்கள். நம் உடல்நலத்தில் நிர்வாகத்துக்கு அக்கறை இருக்கிறது என்று நம்புகிறவர்களும் கூடியிருந்தார்கள்.

எனக்கு இதில் பிடித்த பகுதி வேறு. திட்டம் கிடைத்தவர்களிலேயே யார் உண்மையில் வந்து கலந்துகொண்டார்கள் என்று தோண்டினார்கள். வந்தவர்களின் மருத்துவச் செலவு திட்டம் தொடங்கும் முன்பே குறைவு. வளாக ஜிம்மில் முன்பே பழகிய முகங்கள், ஓட்டப் பந்தயங்களில் முன்பே ஓடியவர்கள். வந்தவரையும் வராதவரையும் மட்டும் ஒப்பிட்டால் திட்டம் பிரமாதம் என்றுதான் தோன்றும். குலுக்கிப் போட்டதால்தான் குட்டு வெளிப்பட்டது.

மூன்றாம்மாடி

இதைத்தான் நானும் சொன்னேன். நல்லா இருக்கிறவன் வருகிறான், நல்லா இருக்கிறேன் என்று டிக் அடிக்கிறான், நாலரை வருகிறது.

இன்னொன்றும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் ஃப்ளெமிங் என்பவர் பிரிட்டனில் 233 நிறுவனங்களின் 46,336 பணியாளர்களின் பதில்களை எடுத்துப் பார்த்து 2024இல் வெளியிட்டார். தியான ஆப், மனத்திட வகுப்பு, மன அழுத்தப் பயிற்சி, எதில் சேர்ந்தவர்களும் சேராதவர்களைவிட நன்றாக இல்லை. விதிவிலக்கு ஒன்றே ஒன்று, அலுவலகம் ஏற்பாடு செய்த தன்னார்வத் தொண்டு. வழக்கு முடிந்தது.

திட்டவிலக்கம்

சார், அவசரப்படாதீர்கள். அந்த ஆய்வு ஒரே நேரத்தில் எடுத்த கருத்துக்கணிப்பு. ஏற்கெனவே நொந்துபோனவர்கள்தான் மன அழுத்த வகுப்பைத் தேடிப் போயிருக்கலாம். அப்படியானால் முடிவில் அவர்கள் மற்றவர்களுக்குச் சமமாகத் தெரிந்ததே முன்னேற்றமாகக்கூட இருக்கலாம். ஃப்ளெமிங் இதை யோசிக்காமல் விடவில்லை, ஆனால் குலுக்கல் இல்லாத இடத்தில் இந்தச் சந்தேகத்தை முழுக்க விரட்டவும் முடியாது. இல்லினாய் சோதனைக்கு அந்தப் பலம் உண்டு, ஆனால் அது அளந்தது பெரும்பாலும் உடல்நலமும் செலவும். தேர்வுப் பிரிவில் ரிசல்ட் வாரத்தை எப்படித் தாண்டுவது என்று அதில் யாரும் கேட்கவில்லை. ஆக, வழக்கு ஒத்திவைப்பு.

பிப்பெட்

பெரியவங்க பேச்சு நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். ஆய்வகத்துல டெக்னீஷியன். எனக்கு ஒரு பயிலரங்கு நிஜமாவே உதவுச்சு, அதைச் சொல்லணும்.

நாள் முழுக்க பிப்பெட் (திரவத்தை அளந்து உறிஞ்சி விடுற கைக்கருவி) அழுத்துற வேலை. ஒரு சாம்பிளுக்கு ரெண்டு அழுத்தம், முனையைக் கழற்றிப் போட இன்னொண்ணு. ஒரு தட்டுல 96 குழி. கணக்குப் போட்டுக்கங்க. ரெண்டு வருசத்துல கட்டைவிரல் அடியில ஒரு வலி வந்து, காலையில சட்டைப் பட்டன் போட முடியல. வயசுக்கோளாறுன்னு விட்டுட்டேன். எனக்கு அப்ப 31.

அந்த வருசம் வந்த பிசியோதெரபிஸ்ட் அரங்கத்துல ஸ்லைடு போட மாட்டேன்னுட்டாங்க. நீங்க வேலை செய்யற இடத்தைக் காட்டுங்கன்னு நேரா ஆய்வகத்துக்கு வந்தாங்க. ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் பத்து நிமிசம் நின்னு பார்த்தாங்க. என் ஸ்டூல் தாழ்வு, அதனால முழங்கை அந்தரத்துல தூக்கியே நிக்குது. முனை போடுற டப்பா ரொம்ப உயரம், ஒவ்வொரு தடவையும் கை மலை ஏறி இறங்குது. ஸ்டூலை ஏத்தி, டப்பாவைத் தாழ்வா மாத்தி, இருபது நிமிசத்துக்கு ஒருதடவை வேற வேலைக்குக் கை மாத்துன்னு சொன்னாங்க. பெரிய ஆர்டருக்கு எட்டு முனை பிப்பெட்டும் எலெக்ட்ரானிக்கும் வாங்கச் சொல்லி அவங்களே துறைத் தலைவருக்கு எழுதிக் கொடுத்தாங்க. எலெக்ட்ரானிக் வரல. எட்டு முனை வந்துச்சு. இப்ப பட்டன் போடுறேன்.

வகுப்புன்னு ஒண்ணு அரங்கத்துலதான் நடக்கணுமா என்ன?

தொண்டைகட்டு

பிப்பெட் தம்பி சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன், என் கதை தொண்டை.

ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் வகுப்பு, பெரிய அறை, மேலே மின்விசிறிச் சத்தம். வெள்ளிக்கிழமை வந்தால் குரல் காற்றாகத்தான் வரும். பதினெட்டு வருடம் இதை ஆசிரியர் தொழிலின் அடையாளம் என்று நினைத்துப் பெருமைகூடப் பட்டிருக்கிறேன். பேச்சுப் பயிற்சி நிபுணர் ஒருவரைக் கூப்பிட்டு ஒரே ஒரு மதியம் வகுப்பு வைத்தார்கள். மெல்லிய ஸ்ட்ராவை வாயில் வைத்து, அதன் வழியாக 'ஊ' என்று ஒலியை ஏற்றி இறக்கச் சொன்னார். இருபது பேராசிரியர்கள் ஸ்ட்ராவோடு ஊளையிடுகிற காட்சியை வெளியே நின்ற மாணவர்கள் படம் பிடித்துவிட்டார்கள், அது தனிக்கதை. விஷயம் என்னவென்றால், வாய் குறுகும்போது உள்ளே உண்டாகும் எதிரழுத்தம் குரல்நாண்கள் ஒன்றையொன்று அறைந்துகொள்ளாமல் மெதுவாகச் சேர உதவுகிறதாம். அடிக்கடி செருமாதீர்கள், அதற்குப் பதில் ஒரு மடக்குத் தண்ணீர் என்றார். கிசுகிசுப்பது குரலுக்கு ஓய்வு இல்லை என்றும் சொன்னார். மைக் பிடிப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். பாதி அரங்கம் தூக்கியது, நானும்தான்.

இப்போது மைக் பிடிக்கிறேன். தலைப்பு எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று எனக்குப் படுகிறது. 'ஆளுமை வளர்ச்சி' என்று யாராவது வந்தால் எழுந்து போய்விடுவேன். 'நாலு மணி நேரம் பேசுகிறவருக்குத் தொண்டை' என்றால் முதல் வரிசையில் உட்காருவேன்.

காலைநடை

தியானத்தைப் போட்டு எல்லோரும் அடிக்கிறீர்கள், அதற்காக ஒரு குரல்.

ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய தியான வகுப்பு எட்டு வாரம். வாரம் ஒருநாள் இரண்டரை மணி நேரம், நடுவில் ஒரு முழுநாள், வீட்டில் தினமும் பயிற்சி. நான் அந்த எட்டு வாரத்தையும் முடித்தவள். அம்மா படுக்கையில் இருந்த வருடம் அது. அலுவலகத்துக்காகப் போகவில்லை. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் போனேன், தெரிந்துகொண்டு வந்தேன். என் செக்‌ஷனில் ஃபைல் ஒன்றுகூடக் குறையவில்லை, அது வேறு கணக்கு.

நம் பயிலரங்குகளில் இந்த எட்டு வாரத்தைத் தொண்ணூறு நிமிடமாகச் சுருக்கி, அதிலும் இருபது நிமிடம் பயிற்சியாளரின் சுயசரிதை வாசிக்கிறார்கள். சாற்றைப் பிழிந்து எறிந்துவிட்டுச் சக்கையை நீட்டினால் தியானத்தைக் குறை சொல்லி என்ன பயன்? வைப்பதானால் எட்டு வாரம் வையுங்கள், விரும்புகிறவர் பத்துப் பேர் வரட்டும். கட்டாயம் என்று சொல்லவே கூடாது. கட்டாயத்தில் கண்ணை மூடினால் தூக்கம்தான் வரும்.

சுற்றறிக்கை

எட்டு வாரத்துக்கு அனுமதி வாங்குகிற சுற்றறிக்கையை நீங்களே டைப் செய்யுங்கள் மேடம். 🙂 துறைத் தலைவர்கள் ஒரு மதியத்தை விடுவதே பெரும்பாடு.

இரவுக்காவல்

நான் பல்கலைக்கழக ஊழியரான்னு எனக்கே சந்தேகம். ஒப்பந்த ஆளு. செக்யூரிட்டி.

நீங்க சொல்ற எல்லா வகுப்பும் நடக்குற அரங்கத்து வாசல்ல நிக்கிறது நான்தான். நாலு வருசமா அத்தனை உரையும் காதுல விழுந்திருக்கு, நின்ன வாக்குல. 'எட்டு மணி நேரத் தூக்கம்' பத்தி ஒருத்தர் ரொம்ப அழகாப் பேசினார். அன்னிக்கு நான் இரவு முடிச்சு, பகல் டியூட்டிக்கு ஆள் வரலைன்னு தொடர்ந்து நின்னுக்கிட்டிருந்தேன்.

எங்களுக்கு வகுப்பு வேண்டாம். ஷிஃப்ட் பட்டியல் ஒரு மாசம் முன்னாடி கையில கிடைச்சாப் போதும். இப்ப முந்தின நாள் சாயங்காலம் ஃபோன்ல சொல்றாங்க. அதோட இரவு முடிஞ்சா சாயங்காலம், சாயங்காலம் முடிஞ்சா காலைன்னு பின்னாடி பின்னாடி மாத்துறாங்க. காலை, சாயங்காலம், இரவுன்னு முன்னாடி மாத்தினா உடம்பு தாங்கும்னு ஒரு டாக்டர் சொன்னார். அதைச் செய்யக் காசு எதுவும் செலவாகாதுன்னு நினைக்கிறேன்.

மூன்றாம்மாடி

இந்த இழையிலேயே உருப்படியான பதிவு இரவுக்காவல் அண்ணன் போட்டதுதான். நான் எழுதின ஜாடிக் கதையை எல்லாம் தூக்கிப் போடுங்கள்.

அண்ணன் கேட்கிற விஷயத்துக்கு ஆராய்ச்சிப் பின்னணியே இருக்கிறது. வேலையில் கெடுபிடி எவ்வளவு, அந்த வேலைமேல் தனக்குப் பிடி எவ்வளவு, இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ராபர்ட் கராசெக் 1979இல் சொன்னார். கெடுபிடி அதிகம், பிடி குறைவு என்றால் அதுதான் ஆளைத் தின்கிற வேலை. லண்டனில் மைக்கேல் மார்மட் குழு 1985 முதல் 10,308 அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்தது. தன் வேலைமேல் பிடி இல்லாதவர்களுக்கு இதயநோய் கூடுதல் என்று அதில் தெரியவந்தது. கீழ்ப்படியில் இருப்பவர்களுக்கு நோய் ஏன் அதிகம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்றார்கள். மேலே இருக்கிறவர்தான் டென்ஷனில் சாகிறார் என்ற கதையை நம்பிக்கொண்டிருந்த எனக்கு அது ஒரு அறை.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் 'பர்ன்அவுட்' (வேலையால் வரும் முழுச் சோர்வு) என்பதை நோய் என்று சொல்லவில்லை, பணிசார்ந்த நிகழ்வு என்றுதான் வகைப்படுத்தியது. சமாளிக்கப்படாமல் நீடிக்கிற பணியிட அழுத்தத்தின் விளைவு என்பது அதன் வாசகம். சமாளிக்க வேண்டியவர் யார் என்பதுதான் இங்கே சண்டை.

மௌனவாசகன்

முதல் பதிவு, இதுவே கடைசியாகவும் இருக்கலாம்.

எங்கள் வளாகத்தில் பணியாளர்களுக்கு உளவள ஆலோசகர் இருக்கிறார். நல்லவர் என்று கேள்வி. அவர் அறை பணியமைப்புப் பிரிவுக்கு நேர் எதிரே. பதவி உயர்வு, இடமாற்றம், விடுப்பு எல்லாம் கையாளுகிற அதே பிரிவு. காத்திருக்க வராந்தாவில் ஒரு பெஞ்ச். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் எதிரே பதினொரு மேசை பார்க்கும். போன வருடம் இரண்டு தடவை அந்த பெஞ்ச் வரைக்கும் போய், தண்ணீர் குடிக்க வந்தவன் மாதிரி நடந்து வந்துவிட்டேன்.

பயிலரங்கில் 'உதவி கேட்கத் தயங்காதீர்கள்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். எனக்குத் தயக்கம் எல்லாம் அந்த பெஞ்சில்தான்.

தொண்டைகட்டு

மௌனவாசகன், கடைசிப் பதிவு என்று சொல்லாதீர்கள். ஆலோசகரிடம் ஃபோனில் பேசி வெளியே எங்காவது, அல்லது வீடியோ அழைப்பில் சந்திக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பலர் ஒத்துக்கொள்வார்கள். பல்கலைக்கழகத்துக்குச் சம்பந்தமில்லாத ஆலோசகரும் இருக்கிறார்கள். தனிமடல் போட்டிருக்கிறேன்.

கோப்புக்காரி

எல்லாவற்றையும் அச்செடுத்துக் குழுக் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன் (பெயர்களை மறைத்துவிட்டு, பயப்படாதீர்கள்). இப்போதைக்கு என் மனதில் இருப்பது இவ்வளவு. தேதியை ரிசல்ட்டுக்குப் பிறகு தள்ளுவது. பத்து அமர்வுக்குப் பதில் நாலு, அந்த நாலையும் இரண்டிரண்டு தடவை, செக்‌ஷனில் பாதிப்பேர் ஒருநாள், மீதிப்பேர் மறுநாள். நாங்கள் உள்ளே இருக்கும்போது எங்கள் கவுண்டரில் வேறு பிரிவு ஆட்கள் உட்காருவது. கடைசியாகச் சொன்னதற்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள். "தேர்வுப் பிரிவு கவுண்டரில் கணக்குப் பிரிவு உட்காருமா?"

திட்டவிலக்கம்

சிரிக்கட்டும். ஒரே ஒரு வேண்டுகோள். முடிந்த அன்று படிவம் கொடுக்காதீர்கள். ஆறு வாரம் கழித்து, மேசைக்கே போய், 'அன்று கேட்டதில் இப்போதும் செய்வது ஏதாவது உண்டா' என்று ஒரே கேள்வி கேளுங்கள். இல்லை என்று சொன்னால் இல்லை என்றே எழுதுங்கள். வராதவர்களிடமும் ஏன் வரவில்லை என்று கேளுங்கள். எனக்கு அந்தப் பட்டியல்தான் முக்கியம்.

கோப்புக்காரி

மூன்று மாதம் கழித்து வருகிறேன். இழையைப் பூட்டாமல் வைத்த மட்டுறுத்துநருக்கு நன்றி.

நடந்ததைச் சொல்கிறேன். தேதி தள்ளிப் போனது. கவுண்டர் விஷயத்தில் கணக்குப் பிரிவு முதலில் முடியாது என்றது. எங்களிடம் வருகிறவர்கள் கேட்பதில் பெரும்பாலானவை மூன்றே கேள்வி என்று அவர்களுக்கு ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தோம்: நகல் மதிப்பெண் பட்டியல் எப்போது வரும், பெயர்ப் பிழை திருத்த என்ன படிவம், மறுமதிப்பீட்டுக்குக் கடைசி நாள் எது. அதற்கு மேல் கேட்டால் ஃபோன் நம்பர் வாங்கி வையுங்கள், நாங்கள் கூப்பிடுகிறோம். இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். பதிலுக்கு ஆண்டுக் கணக்கு முடிக்கிற வாரத்தில் அவர்கள் கவுண்டரில் நாங்கள்.

மன அழுத்த வகுப்பை எடுத்துவிட்டு, அந்த நேரத்தில் வேறு ஒன்று செய்தோம். நகல் மதிப்பெண் பட்டியலுக்கு வருகிற ஒரு விண்ணப்பம் எந்தெந்த மேசைக்குப் போகிறது என்று சுவரில் பெரிய தாள் ஒட்டி வரைந்தோம். ஏழு மேசை. ஐந்து கையெழுத்து. அதில் இரண்டு கையெழுத்து ஒரே விஷயத்தைச் சரிபார்ப்பதற்கு. 14 வருடமாக அந்த இரண்டில் ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தது நான். அதைப் பார்த்து நானே கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். என் கையெழுத்தை எடுத்துவிட ஒப்புதல் வந்துவிட்டது. இன்னொன்றை எடுக்க அனுப்பிய குறிப்பு 'பரிசீலனையில்' இருக்கிறது.

தொண்டை வகுப்புக்கு எதிர்பார்த்தது நாற்பது, வந்தது ஒன்பது. மைக் விஷயம் ஆசிரியர்களுக்கு இன்னும் மானப்பிரச்சினைதான். பிசியோதெரபிஸ்ட் ஐந்து இடத்துக்குப் போனார், நூலகத்தில் புத்தக வண்டியின் சக்கரத்தை மாற்றச் சொல்லியிருக்கிறார், மாற்றிவிட்டார்கள். காவலர்களுக்கு என்று காலை ஆறு மணி ஷிஃப்ட் மாறும் நேரத்தில் தூக்கம் பற்றி ஒன்று வைத்தது என் மடத்தனம். நாலு பேர் வந்தார்கள், ஒருவர் தூங்கிவிட்டார். இரவுக்காவல் அண்ணன் வகுப்பு வேண்டாம், பட்டியல் போதும் என்று தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். இப்போது பட்டியல் இரண்டு வாரம் முன்னால் ஒட்டுகிறார்கள். ஒரு மாதம் என்று கேட்டோம்.

ஆறு வாரம் கழித்து மேசை மேசையாகப் போய்க் கேட்டேன். வந்தவர்கள் 63 பேரில், இன்னும் ஏதாவது செய்கிறோம் என்றவர்கள் 22. வராதவர்களில் பாதிப்பேர் சொன்ன காரணம் ஒன்றுதான்: "எங்களுக்குப் பதிலாக யாரும் உட்காரவில்லையே." அந்தப் பிரிவுகளுக்கு மாற்று ஆள் கிடைக்கவில்லை, உண்மைதான்.

திட்டவிலக்கம்

63க்கு 22. இதை அப்படியே அறிக்கையில் எழுதினீர்களா?

கோப்புக்காரி

எழுதினேன். "கொஞ்சம் நேர்மறையாக மாற்றி எழுத முடியுமா" என்று கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆளுமை வளர்ச்சி என்பது இதுவாக இருக்குமோ என்னவோ.

மௌனவாசகன்

எங்கள் வளாகத்தில் அந்த பெஞ்ச் இப்போது இல்லை. யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. ஃபோனில் நேரம் வாங்கிக்கொண்டு நேராக உள்ளே போகலாம் என்று கதவில் ஒட்டியிருக்கிறார்கள்.

சுற்றறிக்கை

கோப்புக்காரி மேடம், அந்த மூன்று கேள்விக் காகிதத்தை இங்கே போட முடியுமா? எங்கள் சேர்க்கைப் பிரிவுக்கு இதே மாதிரி ஒன்று தயாரித்துப் பார்க்கிறேன். அப்புறம், எந்தப் பிரிவுக்கு எந்த வாரம் ஆகாது என்று கேட்டு முதல்தடவையாக ஒரு சுற்றறிக்கை டைப் செய்திருக்கிறேன். இதுவரை பதினேழு பதில்.

மூன்றாம்மாடி

எல்லாம் சரி. ஜாடி வந்ததா?

கோப்புக்காரி

வந்தது சார். அந்தப் பயிற்சியாளரைக் கூப்பிடவில்லை என்று சொன்ன பிறகும், போன வருடம் விட்டுப்போனது பயிற்சிப் பிரிவு அலமாரியில் கிடந்ததாம், உதவும் என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். கல்லையும் மணலையும் கொட்டிவிட்டுக் கழுவிக் கவுண்டரில் வைத்திருக்கிறோம். படிவம் நிரப்ப வருகிறவர்களுக்குப் பேனா போட்டு வைக்க வசதியாக இருக்கிறது.